வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா? முதலில் எழுதி வையுங்கள்

"நாளையிலேர்ந்து வந்துடுப்பா. சம்பளமெல்லாம் பார்த்துப் போட்டுத் தரேன்."

"சரிங்கண்ணா."

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டி வட்டாரத்தில் ஒரு கடைக்கோ பட்டறைக்கோ ஆள் எடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. வருகிறவர் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை. ஓனர் பக்கத்து ஊர்க்காரர். நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு மாமா இருப்பார். இதற்கு மேல் என்ன பேச்சு என்று விட்டுவிடுகிறார்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பலாம், வாரத்தில் எந்த நாள் லீவு, சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வரும், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இரண்டு நாள் வராவிட்டால் பிடித்தம் உண்டா, தீபாவளிக்கு என்ன என்று எதுவும் பேசப்படுவதில்லை.

முதல் மாதம் நன்றாகத்தான் போகும். மூன்றாவது மாதம் சம்பளம் ஐந்தாம் தேதியிலிருந்து பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளிப்போகும். ஆறாவது மாதம் கடை சாத்தும் நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை ஆகும். தீபாவளிக்கு முந்தின நாள் கவரைப் பிரித்துப் பார்த்த பையனுக்கு முகம் சுண்டிப்போகும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரமாட்டார். "தம்பி மாதிரி வெச்சிருந்தேன், சொல்லாமக் கொள்ளாம விட்டுட்டுப் போயிட்டான்" என்று ஓனர் புலம்புவார். "நாயா உழைச்சேன், மனுஷனா மதிக்கல" என்று அவர் வேறு கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆளுக்கொரு கணக்கு மனசில் ஓடியது. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க மட்டும் வழியில்லாமல் போயிற்று.

தொழில் தொடங்கப் போகிறவர்களிடம் இன்று எல்லாரும் பேசுவது முதல், கடன், மானியம், ஜி.எஸ்.டி., போர்டு, திறப்பு விழா. எல்லாம் தேவைதான். ஆனால் இந்த வட்டாரத்துச் சிறுதொழில்கள் பலவற்றைத் தள்ளாட வைப்பது ஆள் நிலைக்காத பிரச்சினை. ஆள் நிலைக்காததற்குச் சம்பளம் குறைவு என்பது மட்டும் காரணமாக இருப்பதில்லை. சொன்னது எது, சொல்லாதது எது என்று யாருக்கும் தெரியாததும் சம அளவு காரணம்.

கல்லில் வெட்டிய சம்பளக் கணக்கு

விழுப்புரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் அங்கே. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் இதை ஆக்கினான் என்று அங்குள்ள கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மன்னனின் பட்டப்பெயர். எந்தெந்தப் பொருளைப் பயன்படுத்தவில்லை என்பது வரை பதிந்திருக்கிறது. உளி பிடித்தவர்கள் யார், எத்தனை பேர், அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதற்கு அந்தக் கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு பக்கமும் நிற்கும் வாயிற்காவலர் சிற்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகளைப் பற்றித்தான் எண்ணம் ஓடும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரிப் பாறையில் கேவாத பெருந்தச்சன் முதலான சில பெயர்கள் கிடைத்திருக்கின்றன. அந்த அளவுக்காவது மிச்சம் இருக்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இதே விக்கிரவாண்டிப் பக்கத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியின் செலவுக் கணக்கைச் சொல்கிறது. இளநிலை மாணவர் 270 பேர், முதுநிலை 70 பேர். இளையவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி இரு நாழி. எந்தப் பாடம் சொல்லிக் கொடுப்பவருக்கு எவ்வளவு நெல் என்பதும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத் திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு இன்னும் இறங்கி வருகிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என ஆளாளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று அங்கே விவரம் இருக்கிறது.

அந்தக் காலத்துச் சமூகம் நியாயமான சமூகம் என்று நான் சொல்ல வரவில்லை. அதில் அடுக்குகள் ஏராளம். ஆனால் ஒரு நிறுவனம் நாள்பட நடக்க வேண்டுமானால், யாருக்கு என்ன சேர வேண்டும் என்பது கொடுப்பவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்து இருக்கக் கூடாது என்று அந்தக் கல்வெட்டுகளை வெட்டிவைத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயிரம் ஆண்டு கழித்து அதே மண்ணில் "பார்த்துப் போட்டுத் தரேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு செக்கு, ஐந்து ஆள், ஒரு தாள்

நீங்கள் மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு மரச்செக்கு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, இந்தப் பக்கம் பஞ்சமில்லை. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் சரக்கு எடுக்கலாம். செக்கு ஓட்ட இரண்டு பேர், புண்ணாக்கு எடுக்கவும் எண்ணெய் தெளியவைத்துப் பாட்டிலில் அடைக்கவும் இரண்டு பெண்கள், கடையில் ஒருவர். மொத்தம் ஐந்து பேர்.

திட்ட அறிக்கை எழுதித் தருபவர் எந்திரத்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று அழகாகப் போட்டுவிடுவார். 'கூலி' என்ற இடத்தில் மட்டும் கைக்கு வந்த ஒரு தொகை இருக்கும். வங்கி மேலாளருக்கு லாபம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூலியைக் குறைத்துக் காட்டுவது ஊரறிந்த பழக்கம். கடன் கிடைத்துவிடும். அப்புறம் அந்தப் பொய்க்கணக்கு உங்கள் கழுத்தில்தான் உட்காரும். நிஜமான கூலியை எப்போது கொடுத்தாலும் அது நட்டம் மாதிரியே தெரியும்.

ஆகவே ஆளெடுக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். பெயர், என்ன வேலை, சேரும் தேதி. மாதச் சம்பளமா, நாள் கூலியா, எவ்வளவு. எந்தத் தேதிக்குள் வங்கிக் கணக்கில் விழும். காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி, நடுவில் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம், வார விடுமுறை எந்த நாள். கூடுதல் நேரம் வேலை பார்த்தால் அதற்கு என்ன. யாராவது ஒருவர் விலக விரும்பினால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். இரண்டு பிரதி எழுதி, தமிழில் வாசித்துக் காட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதுதான் முக்கியம். பீரோவில் பூட்டி வைத்த தாளால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

இதை நான் நல்ல மனசுக்காகச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் நாட்டின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. நியமனக் கடிதம் எல்லாத் தொழிலாளருக்கும் உண்டு என்பது அவற்றின் மையமான அம்சங்களில் ஒன்று. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடித்துச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகப் பிடித்தாலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. அதற்கும் முன்பே 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை கட்டியிருக்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, இன்னும் ஐந்து பண்டிகை நாட்கள் என ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை. மே நாளில் நம் ஊர்களில் எத்தனை கடைகள் திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் இந்தச் சட்டத்தை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு வலுத்து, அந்த மே நாளன்றே திரும்பப் பெறப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய ஆலைகளைப் பற்றிய விவாதமாக அது நடந்தது. ஆனால் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஓட்டல்களிலும் செல்போன் கடைகளிலும் யாரும் சட்டம் போடாமலேயே 12 மணி நேரம் நடந்துகொண்டுதான் இருந்தது.

14,000 என்றால் 18,000

மாதம் 14,000 ரூபாய் சம்பளம் என்று ஒருவரை எடுக்கிறீர்கள். உங்கள் கையிலிருந்து போவது எவ்வளவு? வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், 1,680 ரூபாய். அதன் நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து ஒரு சதவீதம், 140 ரூபாய். இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்தை முழுச் சம்பளத்துக்கும் கணக்கிட்டு மாதவாரியாக எடுத்துவைத்தால் 1,166. பணிக்கொடைக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 673. கூட்டினால் 18,114 ரூபாய்.

இவை எல்லாமே ஐந்து பேர் உள்ள செக்குக்கு முதல் நாளே கட்டாயம் இல்லை. இ.எஸ்.ஐ.யும் பணிக்கொடையும் 10 பேரிலிருந்து, வைப்பு நிதியும் போனஸும் 20 பேரிலிருந்து. ஆனாலும் முதல் நாளே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்பேன். ஏனென்றால் பத்தாவது ஆள் ஒருநாள் வரத்தான் போகிறார். அந்தச் செலவைத் தாங்கும் விலையில் எண்ணெய் விற்காதவர் அன்றைக்குத் தந்திரத்தில் இறங்குவார்.

அந்தத் தந்திரம் எல்லாருக்கும் தெரிந்ததே. பதிவேட்டில் ஒன்பது பேர். மீதி ஆறு பேர் 'டெய்லி'. கடையை மனைவி பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று பிரித்து, நடுவில் ஒரு மரத்தடுப்பு. ஆடிட்டர் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். மாதம் சில ஆயிரம் மிச்சம்தான். ஆனால் பதிவேட்டில் இல்லாத அந்த ஆறு பேரில் ஒருவர் செக்கில் கையை விட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் மருத்துவம் முழுக்க அதன் பொறுப்பு. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, வேலைக்கு வர முடியாத நாட்களில் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதம். குழந்தைப் பேற்றுக்கு 26 வாரம். இவ்வளவுக்கும் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், அதாவது அந்த 14,000-த்தில் 105 ரூபாய். பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கோ விழுப்புரம் முண்டியம்பாக்கத்து அரசு ஆஸ்பத்திரியும், ஓனர் கொண்டுவந்து தரும் ஆயிரம் ரூபாயும் ஒரு டஜன் ஆரஞ்சும்தான். அந்த ஆறு பேரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாத முதலாளியை நல்லவர் என்று சொல்ல என்னால் முடியாது, அவர் கோயிலுக்கு எவ்வளவு கொடுத்தாலும் சரி.

முதலுக்கு அரசின் உதவி இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தை நேரில் போய்ப் பாருங்கள், இடைத்தரகர் வேண்டாம். படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான 'நீட்ஸ்' திட்டத்தில் 25 சதவீத மானியம், வேலையில்லா இளைஞர் திட்டத்தில் 25 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத்துக்குக் கூடுதல் மானியம் உண்டு. ஆனால் அந்த மானியத் தொகை மூன்றாண்டு வங்கியில் வைப்பாக நிற்கும், கைச்செலவுக்கு வராது. இது தெரியாமல் மானியத்தை நம்பிச் சம்பளம் போடலாம் என்று இறங்கியவர்கள் முதல் ஆறு மாதத்திலேயே கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். எந்திரத்துக்கு இருபதாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை, மூன்று மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மின் இணைப்பைப் போடுங்கள்.

உத்யம் பதிவு செய்த சிறுதொழிலுக்குச் சரக்கு வாங்கிய நிறுவனம் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதமானால் வட்டியோடு கேட்கலாம். நம் தொழில்முனைவோர் இந்த விதியைப் பற்றிக் கூட்டங்களில் ஆவேசமாகப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். அதே ஆவேசத்தோடு 7-ஆம் தேதியையும் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

அட்வான்ஸ் என்னும் கண்ணி

இந்த வட்டாரத்தில் ஆள் வேலையைப் பற்றி எழுதிவிட்டு அட்வான்ஸைப் பற்றி எழுதாமல் போக முடியாது. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் ஆள் திரட்டுவதே முன்பணத்தில்தான். வடமாவட்டங்களின் சூளைகளிலும் ஆலைகளிலும் இருந்து கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட குடும்பங்களில் இருளர் மக்களே அதிகம் என்பது வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி.

அது எப்படி நடக்கிறது? ஒரு குடும்பம் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ 40,000 வாங்குகிறது. புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லாரும் சூளைக்குப் போகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. வாராவாரம் செலவுக்குக் கொஞ்சம் கையில் தருவார்கள். எத்தனை கல் அறுத்தார்கள் என்ற கணக்கு மேஸ்திரி நோட்டில் இருக்கும். இவர்களிடம் நோட்டு இல்லை. மழை தொடங்கிச் சூளை நிற்கும்போது கணக்குப் பார்த்தால், ஆறு மாதம் குடும்பமே உழைத்த பிறகும் 40,000 அப்படியே நிற்கும், சில சமயம் 45,000 ஆகியிருக்கும். "பாக்கியைக் கட்டிட்டுப் போ." அந்த வார்த்தை வந்துவிட்டால் அது கடன் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனையே செல்லாது என்கிறது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதே, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்றார் நீதிபதி பகவதி. அடிக்கவோ அடைத்துவைக்கவோ தேவையில்லை. பசியே கட்டிப்போடும் என்பது அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கம்.

செக்கு வைத்திருக்கும் உங்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். உங்களிடமும் அட்வான்ஸ் கேட்பார்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போது கேட்பார்கள், காது குத்துக்குக் கேட்பார்கள். கொடுங்கள், கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொடுப்பதானால் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வேண்டாம். அவரிடமும் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து இரண்டு பக்கமும் எழுதுங்கள். மாதம் எவ்வளவு பிடிப்பது என்று அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வட்டி கூடாது. ஆதார் அட்டையையோ ரேஷன் அட்டையையோ வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் வேலையை விட விரும்பினால் பாக்கி இருந்தாலும் வழிவிடுங்கள். பணம் திரும்ப வராமலும் போகலாம். அந்த நட்டத்தைத் தாங்க முடியாத தொகையைக் கொடுத்திருக்கவே கூடாது.

திருவள்ளூர் மாவட்டத்தில் கொத்தடிமை முறையிலிருந்து மீண்ட இருளர் குடும்பங்களே, மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு, தங்களுக்கென்று செங்கல் சூளை போட்டு நடத்துகின்றன. கல் அறுக்கத் தெரிந்தவர்களுக்குச் சூளை நடத்தவும் தெரியும். கணக்கு நோட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உட்கார ஒரு ஸ்டூல்

துணிக்கடைப் பெண்களின் கால்களைப் பார்த்திருக்கிறீர்களா? மாலை ஏழு மணிக்குக் கணுக்கால் வீங்கியிருக்கும். ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டே புடவையை விரித்துக் காட்டுவார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அலமாரியில் சாய்ந்தால் சூப்பர்வைசர் பார்வை வரும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், கழிப்பறை இல்லை அல்லது மூன்று மாடி ஏற வேண்டும் என்பதற்காக. இதனால் வரும் சிறுநீர்த் தொற்றைப் பற்றி வீட்டில்கூடச் சொல்வதில்லை.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த பி. விஜி என்ற பெண், கடைப் பெண்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியாக இதற்குப் போராடினார். முதலில் கழிப்பறைக்கு, பிறகு உட்காரும் உரிமைக்கு. 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் அதே வழியில் போய், கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்திருக்க வேண்டும். சட்டம் வந்த பிறகு பல கடைகளில் ஸ்டூல் வந்தது. சில இடங்களில் அந்த ஸ்டூலின் மேல் துணிக்கட்டு இருக்கிறது.

ஒரு ஸ்டூலுக்கு என்ன விலை வந்துவிடும்? உட்கார்ந்திருக்கும் ஊழியரைக் கண்டால் சில முதலாளிகளுக்கு ஏன் உடம்பு பதறுகிறது என்பதுதான் கேள்வி. சம்பளம் கொடுத்து அவருடைய நேரத்தை வாங்கியிருக்கிறோம் என்ற நினைப்பு, அவருடைய உடம்பையே வாங்கிவிட்டோம் என்கிற அளவுக்குப் போய்விடுகிறது.

சாப்பாட்டு நேரமும் அப்படியே. 1918 ஏப்ரலில் சென்னை பெரம்பூரில் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் குறைகளில் முன்னே நின்றது மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது. அந்தச் சங்கத்துக்கு வித்திட்ட செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஆலைத் தொழிலாளர் அல்லர், அந்தப் பக்கத்து வியாபாரிகள். தினமும் தங்களிடம் வந்து பேசியவர்களின் கஷ்டத்தைக் கேட்டுத்தான் பி.பி. வாடியாவைத் தலைமைக்கு அழைத்துவந்தார்கள். ஒரு வியாபாரிக்கு அடுத்தவர் பசி தெரிந்திருந்த கதை அது.

இன்னொன்றை மழுப்பாமல் எழுத வேண்டும். நம் பக்கத்தில் ஆள் எடுப்பதில் சாதி இருக்கிறது. கல்லாவில் யார், சமையலறையில் யார், கூட்டிப் பெருக்குவது யார் என்பதைச் சொல்லாமலே பிரித்து வைத்திருக்கிறோம். குடிதண்ணீர்ச் சொம்பு வரை அது போகும். ஐந்து பேரை எடுக்கும்போது ஐந்து பேரும் உங்கள் தெருக்காரராக இருந்தால், உங்கள் தொழில் தெருவைத் தாண்டாது. ஐம்பது வயதுக்காரரை இருபத்தைந்து வயது ஓனர் மகன் "டேய்" என்று கூப்பிடுகிற கடையில், அந்தக் கூப்பாட்டுக்குள் சாதி இருக்கிறதா என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும். வயதில் சிறியவரானாலும் வேலையிடத்தில் "வாங்க, போங்க" என்று தொடங்கிப் பாருங்கள். பத்து நாளில் கடையின் சத்தமே மாறிவிடும்.

பெண்களுக்குக் கூலி குறைவு என்பதும் இங்கே இயல்பாகிப்போன அநீதி. களை எடுப்பதிலிருந்து கட்டட வேலை வரை ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று. 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. நூறு நாள் வேலைத் திட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கொடுத்தபோதுதான் பல கிராமங்களில் பெண்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். செக்கு ஓட்டுவதும் எண்ணெய் அடைப்பதும் வெவ்வேறு வேலை என்று சொல்லிக் கூலியை வித்தியாசப்படுத்துவது எளிது. நாள் முடிவில் யார் அதிகம் களைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 10 பேர் ஆகிவிட்டால் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அதற்குக் கீழே உள்ள இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு இருக்கிறது. அந்தத் தகவலை உங்கள் சுவரில் ஒட்டுங்கள். ஒட்டினால் கெட்ட பெயர் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மகளைப் பெற்ற அப்பாக்கள் அந்தத் தாளைத்தான் தேடுகிறார்கள்.

மழை நாளும் கடைசி நாளும்

2024 நவம்பர் முடிந்து டிசம்பர் பிறந்த அந்த இரவுகளை விழுப்புரம் மாவட்டம் மறக்காது. ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. கடைக்குள் தண்ணீர், சரக்கு நாசம், பல நாள் வியாபாரம் இல்லை. ஊழியர்களின் வீட்டிலும் அதே தண்ணீர்தான். அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுப்பதா, பிடிப்பதா?

50 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலைகளில், வேலை கொடுக்க முடியாத நாட்களுக்குப் பாதிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும் என்பது தொழில் தகராறு சட்டம் வகுத்த அளவு. சிறு கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அந்த அளவையே நானும் எடுத்துக்கொள்வேன். பாதியாவது கொடுத்துவிட்டு, கடையைக் கழுவ வருபவர்களுக்கு அந்த நாள்களின் முழுக் கூலியைக் கொடுங்கள். இதையும் முன்பே அந்தத் தாளில் எழுதிவிடுங்கள். தண்ணீர் இடுப்பளவு நிற்கும்போது யாரும் நிதானமாகப் பேரம் பேச முடியாது.

ஆளை நீக்குவது இதைவிடக் கடினம். திருடினார் என்று சந்தேகம் வந்தால் நம் வழக்கம், நாலு பேர் முன்னால் சத்தம் போட்டு "நாளையிலேர்ந்து வராதே" என்பது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது கடைகள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. தவறு செய்தார் என்றால், விசாரித்து, சாட்சியைப் பதிவு செய்து, அதன் பிறகுதான். என்ன குற்றச்சாட்டு என்று எழுதிக் கொடுங்கள். பதில் சொல்ல ஒரு வாரம் விடுங்கள். அவர் தரப்பில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கல்லாவில் குறைந்த 2,000 ரூபாய் உங்கள் தம்பி எடுத்துப் பெட்ரோல் போட்ட காசாகவும் இருக்கலாம். ஊர் முழுக்கத் திருடன் என்று பெயர் பரவிய பிறகு அதைக் கண்டுபிடித்தால், அந்தப் பெயரை யார் அழிப்பது?

இன்னொரு விதமாகவும் ஆட்கள் போவார்கள். உங்களிடம் ஆறு ஆண்டு செக்கு ஓட்டியவர், அதே சாலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தானே ஒரு செக்கு போடப் போகிறேன் என்று வந்து நிற்பார். முதலில் நெஞ்சு எரியத்தான் செய்யும். நம் ஊர்க் கடைவீதியில் இன்று கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் வேறு கடையில் மூட்டை தூக்கியவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கை இரண்டு நாளில் முடியுங்கள். பணிக்கொடையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்னென்ன வேலை தெரியும் என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், வங்கியில் அவருக்கு அது உதவும். மரம் யாரிடம் வாங்குவது, எந்த மாதம் மல்லாட்டை ஈரமாக வரும், எந்த வியாபாரி பணத்தை இழுத்தடிப்பார் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். முதல் ஆளை எடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்டால், அவரிடமே இருக்கும் அந்தப் பழைய நியமனத் தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பளத் தொகையை மட்டும் இன்றைய விலைவாசிக்கு மாற்றிக்கொண்டால் போதும்.